எட்டு மார்க் மாமா

எதையும் பட்டியல் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நம்புகிறவள் நான். மீதிப் பாதியைக் கெடுப்பதும் அதே பட்டியல்தான் என்பதை இருபத்தாறாவது வயதில், மொன்றியலின் மிராபெல் விமான நிலையத்தில், கையில் ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி கற்றுக்கொண்டேன். அட்டையில் என் கையெழுத்து மட்டும் மிக அழகாக இருந்தது. அதைத் தவிர அன்று நான் செய்த எதுவும் சரியில்லை.

நான் படவரைஞர். திருகோணமலையில் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு வாய்க்கால்கள் வரைந்தேன். அகதியாக வந்து சேர்ந்த பிறகு, மொன்றியலில் ஒரு சிறிய பொறியியல் நிறுவனத்துக்குக் கழிவுநீர்க் குழாய்கள் வரைந்தேன். (பதவி உயர்வா, பதவி இறக்கமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.) நானும் அம்மாவும் நகரின் லாசால் பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். அப்பா ஊரிலேயே காலமாகியிருந்தார். எங்களவர் என்று சொல்ல வேறு எவரும் இந்தக் கண்டத்தில் இல்லை.

ஆனால் இங்கிலாந்தில் ஒருவர் இருந்தார். அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா. படிக்கப் போனவர், அங்கேயே நின்றுவிட்டார். எனக்குப் பத்து வயதாகும்வரை கடிதம் வந்தது. பிறகு அவர் வீடு மாறினார், நாங்கள் வீடு மாறினோம், கடிதங்கள் யாரோ ஒருவருடைய வாசலில் தங்கிவிட்டன. எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாத இனக்கலவரத்தில் எங்கள் வீடு எரிந்தபோது, அவருடைய கடைசி விலாசமும் ஒரே ஒரு படமும் அலுமாரியோடு போயின.

அம்மா அழுகிற ஆள் இல்லை. சமைக்கும்போது கதைக்கிற ஆள். வெங்காயம் அரிந்தபடி, "அண்ணைக்கு எள்ளுருண்டை எண்டால் உயிர். களவெடுத்துத் தின்னுவார்" என்பார். சோறு வடித்தபடி, "அண்ணை கப்பல் ஏறேக்கை நான் கரையில நிண்டு கை காட்டினனான்" என்பார். ஒருமுறை மெத்ரோ ரயிலில் சந்தித்த ஒருவர், அம்மாவின் அண்ணனைத் தனக்குத் தெரியும், விசாரித்துச் சொல்கிறேன் என்றார். அம்மா மூன்று வாரம் தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். அந்த மனிதர் சொன்னது வேறு யாரையோ. அதற்குப் பிறகு அம்மா சமைக்கும்போதுகூட அண்ணனைப் பற்றிக் கதைக்கவில்லை. வீட்டில் அந்த மௌனம்தான் எனக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது.

ஆகவே நான் இரண்டு முடிவு எடுத்தேன். மாமாவைக் கண்டுபிடிப்பது. நூறு வீதம் நிச்சயமாகும்வரை அம்மாவுக்கு ஒரு சொல்லும் சொல்லாதிருப்பது. முதலாவது முடிவில் பிழை இல்லை.

வழி காட்டியவர் அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருந்த மதாம் ழினெத். அவருடைய குடும்பப் பெயர், மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் தெருவுக்கு ஒன்று இருக்கும். அத்தனை பேரும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பிரான்சிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய ஒரே ஒரு தச்சனின் பிள்ளைகள் என்று அவர் சொன்னார். கோடையில் எல்லோரும் ஒன்றுகூடி, பெயர் அச்சடித்த ஒரே மாதிரிச் சட்டை போட்டு, சோளம் அவித்துச் சாப்பிடுவார்களாம்.

"குடும்பப் பெயர் என்பது ஒரு நூல் மாதிரி. ஒரு நுனியைப் பிடித்து இழு. மறு நுனியில் உன் ஆள் இருப்பார்" என்றார் மதாம் ழினெத்.

நூல், நுனி, இழு. இவ்வளவு தெளிவான வேலைத்திட்டத்தை எனக்கு அதற்கு முன் யாரும் தந்ததில்லை.

மாமாவின் குடும்பப் பெயர் என்ன? இங்கேதான் என் புத்தி மின்னியது. கியூபெக்கில் பெண்களுக்குக் கணவன் பெயர் கிடையாது. பிறந்த வீட்டுப் பெயர்தான். ஊரில் வாழ்நாள் முழுக்கத் 'திருமதி சிவலிங்கம்' ஆக இருந்த அம்மாவுக்கு, இங்கே அடையாள அட்டையில் 'பரமேஸ்வரி ஆறுமுகம்' என்று போட்டுக் கொடுத்துவிட்டார்கள். தங்கை ஆறுமுகம் என்றால் அண்ணனும் ஆறுமுகம். மாமாவின் பெயர் கனகசபை. ஆகவே கே. ஆறுமுகம். தீர்ந்தது கணக்கு.

(தமிழ் வாசகர்கள் இந்த இடத்தில் நெற்றியில் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்கிறது. பொறுங்கள். நானும் அடித்துக்கொள்ளத்தான் போகிறேன்.)

நகரத்தின் பெரிய நூலகத்தில் பிரித்தானியத் தொலைபேசிப் புத்தகங்கள் ஒரு சுவர் நீளத்துக்கு இருந்தன. எட்டுச் சனிக்கிழமைகள் அங்கே போனேன். ஒவ்வொரு ஆறுமுகமாக எழுதி எடுத்தேன். பிறகு பிரித்தானிய வரைபடம் ஒன்றை வரைதாளில் பிரதி எடுத்து, ஒவ்வொரு ஆறுமுகத்துக்கும் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தேன். கே என்ற முதலெழுத்துக்குச் சிவப்பு. தென் லண்டனில் புள்ளிகள் எறும்புப் புற்றுப் போலக் குவிந்தன. கிழக்கு லண்டனில் ஒரு கொத்து. லெஸ்டரில் ஒரு கொத்து. பர்மிங்காமில் சில. வேல்ஸின் மலைப்பக்கத்தில் ஒன்று. ஸ்கொட்லாந்தின் உச்சியில், ஆடு மட்டும் இருக்கும் என்று நான் நினைத்த ஒரு தீவில், தனியாக ஒரு ஆறுமுகம். அந்தக் குளிரில் அவர் என்ன செய்கிறார் என்று யோசித்து ஒரு பின்னேரம் முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

மதாம் ழினெத் வரைபடத்தைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். "எவ்வளவு பெரிய குடும்பம்!" என்றார். எனக்குப் பெருமையில் கழுத்து இரண்டு அங்குலம் நீண்டது.

அடுத்தது கேள்விக்கொத்து. யாராவது ஏமாற்றுக்காரர் மாமா வேடம் போட்டுவிடக் கூடாதே. ஆகவே கேள்விகளில் ஊர்ப் பெயர், ஆட்பெயர் எதையும் நான் சேர்க்கவில்லை. திருகோணமலையில் பிறந்தீர்களா என்று கேட்டால் யாரும் ஆம் என்பார்கள் அல்லவா? ஆகவே, 'நீங்கள் பிறந்த ஊரில் துறைமுகம் உண்டா?' என்று கேட்டேன். 'கோயிலில் நின்றால் கடல் இரையும் சத்தம் கேட்குமா? எந்த ஆண்டு, எந்த வாகனத்தில் நாட்டை விட்டீர்கள்? நெற்றியில் தழும்பு உண்டா? தங்கையின் பெயரின் முதலெழுத்து என்ன? தங்கையை நாய் கடித்ததா? தந்தைக்கு அரசாங்க வேலையா? முற்றத்தில் மாமரம் நின்றதா? தமிழ் வாசிப்பீர்களா? சிறுவயதில் எந்தத் தின்பண்டத்தைக் களவெடுத்தீர்கள்?' எல்லாம் அம்மா சமைக்கும்போது சொன்ன கதைகளிலிருந்து எடுத்த பத்துக் கேள்வி, பத்து மார்க். ஏழுக்கு மேல் எடுத்தால் மாமா.

கறுப்பு, சிவப்பு என்று பாராமல் எல்லாப் புள்ளிகளுக்குமாக முப்பத்தேழு கடிதங்கள் போட்டேன். பதில்கள் வரத் தொடங்கின. பதில் என்று சொல்வதைவிட உலகப் படம் வரத் தொடங்கியது என்று சொல்லலாம்.

ஸ்கொட்லாந்துத் தீவிலிருந்தவர் மருத்துவர். மலேசியாவில் பிறந்தவர். தாத்தாவின் அப்பா தஞ்சாவூர்ப் பக்கமிருந்து ரயில் தண்டவாளம் போடப் போனவராம். 'எனக்கு முப்பத்து நான்கு வயது. ஆகவே நான் உங்கள் மாமாவாக இருக்க முடியாது. ஆனால் உங்கள் கேள்விகள் மிகவும் பொதுவானவை. துறைமுக ஊரில் பிறந்த எவரும் தேறிவிடுவார்' என்று எழுதியிருந்தார். (இதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.) வேல்ஸில் இருந்தவர் மொரீஷியஸ் தாதி. பிரெஞ்சில் எழுதி, மொன்றியலில் தனக்கு ஒரு வேலை பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். பர்மிங்காமிலிருந்து ஒருவர் முருகன் கோயில் கட்டுகிற நோட்டீஸ் அனுப்பினார்.

தென் லண்டனிலிருந்து வந்தது தமிழில் எழுதிய ஒரு நீலக் கடிதம். முழுவதையும் என்னால் இன்றும் பாடமாகச் சொல்ல முடியும்.

'தங்கச்சி, நான் பருத்தித்துறை. ஆறுமுகம் என்ர சொந்தப் பேர். அப்பா வைத்திலிங்கம். எங்கட ஆக்களுக்குக் குடும்பப் பேர் எண்டு ஒண்டு எங்கை இருக்கு? வெள்ளைக்காரன் கடைசிச் சொல்லைக் குடும்பப் பேர் எண்டு எழுதிப்போட்டான். என்ர பிள்ளையள் இப்ப எல்லாரும் ஆறுமுகம். நீரும் தமிழ்ப் பிள்ளைதானே, உமக்கு இது தெரியாதோ?'

இந்தக் கடிதத்தை நான் என்ன செய்தேன்? இரண்டு தரம் வாசித்தேன். துளையிட்டேன். கோப்பில், 'மாமா அல்லாதோர் – பிற' என்ற பகுதியில் போட்டேன். எழுபத்தைந்து வீதம் கோபமாக எழுதப்பட்ட கடிதம் என்று பக்கத்தில் பென்சிலால் குறித்தும் வைத்தேன். தீப்பிடித்த வீட்டில் ஒருவன் கத்திக்கொண்டு ஓடி வந்தால், அவனுடைய சத்தத்தின் அளவைக் குறித்துவைக்கும் ஆள் நான்.

பிறகு லெஸ்டரிலிருந்து தட்டச்சில் ஒரு பதில் வந்தது. கையொப்பம்: கே. ஆறுமுகம். ஊரில் துறைமுகம், ஆம். கோயிலில் கடல் சத்தம், காற்றைப் பொறுத்து. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு, கப்பல். நெற்றியில் தழும்பு, கிரிக்கெட் பந்து. தங்கையின் முதலெழுத்து, ப. நாய் கடித்தது, காலில். தந்தை நகரசபையில் வேலை. மாமரம், இரண்டு. தமிழ் வாசிக்கத் தெரியாது. களவெடுத்தது பிஸ்கட்.

எட்டு மார்க்! தமிழ் தெரியாதா? முப்பது வருடம் வெள்ளைக்காரர்களோடு இருந்தால் மறந்திருக்கும். பிஸ்கட்டா? எள்ளுருண்டை என்று எழுத வெட்கப்பட்டிருப்பார். இழந்த இரண்டு மார்க்குக்கும் நானே வழக்கறிஞராக நின்று வாதாடினேன். தவிர, கடிதத்தின் அடியில் கையால் இரண்டு வரி எழுதியிருந்தார்.

'என் தங்கை கனடாவுக்குப் போனதாக ஒருவர் சொன்னார். என்னைத் தேடச் சொன்னது அவளா?'

நான் அலுவலகக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். பிறகு முகம் கழுவி, 'ஆம்' என்று பதில் எழுதினேன்.

நான் அவருக்குத் தொலைபேசி எடுத்துப் பேசவில்லை. அவருடைய குரல் முதலில் அம்மாவின் காதில்தான் விழ வேண்டும் என்று நினைத்தேன். அவரும் எடுக்கவில்லை. அவர் ஏன் எடுக்கவில்லை என்பதைப் பிறகு கேட்டேன். பயமாக இருந்தது என்றார். கடிதமாக இருக்கும்வரை அது உண்மையாக இருந்தது, கதைத்தால் உடைந்துவிடுமோ என்று. அடுத்த மாதம் வருவதாக எழுதினார். மண்ணிறத் தொப்பி போட்டிருப்பாராம்.

விமானம் லண்டனில் கிளம்பியிருக்கும் நேரம் பார்த்து அம்மாவுக்குச் சொன்னேன். அவர் குசினியில் மரக்கறி கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, பெரிய மாமா வாறார். இண்டைக்குப் பின்னேரம்."

அம்மா குழாயை நிறுத்தவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஆர் சொன்னது?"

"நான்தான் கண்டுபிடிச்சனான். ஆறு மாதமாத் தேடி."

"நிச்சயமா அண்ணைதானே?"

"பத்துக்கு எட்டு மார்க், அம்மா."

"அண்ணைக்கு ஆரடி மார்க் போட்டது?" என்றார் அம்மா. அதற்கு மேல் கேட்கவில்லை. மெத்ரோ மனிதருக்குப் பிறகு, கேள்வி கேட்டால் பதில் வந்துவிடும் என்று அவருக்குப் பயம். பிட்டு அவித்தார். இறால் கறி வைத்தார். எள்ளு வறுத்தார். ஊரிலிருந்து உடுத்திக்கொண்டு வந்த ஒரே பட்டுச் சேலையை எடுத்து உடுத்தார். கண்ணாடிக்கு முன்னால் நின்று, "அண்ணை என்னை அடையாளம் பிடிப்பாரோ? அப்ப எனக்கு ரெட்டைப் பின்னல்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எங்களை ஏற்றிக்கொண்டு போனவர் கீழ் மாடியில் இருந்த மட்டக்களப்புச் செல்வம் அண்ணன். பேக்கரி ஒன்றுக்கு வேன் ஓடுபவர். வேனுக்குள் பாண் மணத்தது. மதாம் ழினெத்தும் வந்தார், கையில் ரோசாப் பூக்களுடன். ஒரு நூலின் மறு நுனியைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்.

விமான நிலையத்தில் நான் அட்டையைப் பிரித்து உயர்த்தினேன். படவரைஞரின் எழுத்து, ஒவ்வொன்றும் அளவுகோல் வைத்த மாதிரி. கே. ஆறுமுகம்.

அம்மா அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை, எங்கட அப்பான்ர பேரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்?"

"மாமான்ர குடும்பப் பேர் அம்மா."

"என்ன குடும்பப் பேர்? அண்ணை கனகசபை. ஆவன்னா கனகசபை. ஆறுமுகம் அப்பா. அப்பா செத்து இருபது வருசமடி!"

செல்வம் அண்ணன் குனிந்து என் காதுக்குள் கேட்டார். "அப்ப புள்ள, நாம செத்த ஆளையா ஏத்திட்டுப் போப்போறம்? என்ட வேனிலயா?"

என் தலைக்குள் ஒரு நீலக் கடிதம் தானாகத் துளையிலிருந்து கழன்று விழுந்தது. எங்களில் அப்பாவின் பெயர் முதலில் ஒரு எழுத்தாக நிற்கும். ஆளின் சொந்தப் பெயர் பின்னால் வரும். பாலர் வகுப்புக் கொப்பியில் என் பெயரை அப்படித்தான் எழுதினேன். கனடாவில் மூன்று வருடம் படிவம் நிரப்பியதில், அத்தனை தலைமுறை வழக்கத்தையும் படிவத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன் போலும்.

அப்போது கண்ணாடிக் கதவு திறந்தது. மண்ணிறத் தொப்பி.

உயரமான, மெலிந்த மனிதர். அட்டையைப் பார்த்ததும் கையிலிருந்த பையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். அறுபது வயது மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கு இரண்டு அடி முன்னால் வந்து நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவருடைய முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்ல, யாரோ திரியைக் குறைத்த மாதிரி, இறங்கியது.

"நீங்கள் பார்வதி இல்லை" என்றார் ஆங்கிலத்தில்.

"இல்லை" என்றார் அம்மா.

மதாம் ழினெத் ஒன்றும் புரியாமல் இருவருக்கும் நடுவில் புகுந்து பூக்களை அவர் கையில் திணித்தார். இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்கு நிலத்துக்குள் போய்விட வேண்டும் போல இருந்தது. அங்கே எந்தக் குழாய் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்தவள் நான். அட்டையை மட்டும் கீழே இறக்க முடியவில்லை.

அம்மாதான் முதலில் அசைந்தார். ஊரில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். அவருடைய ஆங்கிலம் நிதானமானது. "நீங்கள் நீண்ட தூரம் வந்திருக்கிறீர்கள். ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார்.

அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார். நெற்றியில் தழும்பு பளிச்சென்று தெரிந்தது. அதைப் பார்க்கவும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாண் மணக்கும் வேனில் ஐந்து பேரும் லாசாலுக்குத் திரும்பினோம். பாதி வழியில் செல்வம் அண்ணன், "பரவால்ல புள்ள. எட்டு மார்க் எண்டா பாஸ்தானே" என்றார்.

அவருடைய பெயர் கிருஷ்ணன் ஆறுமுகம். தென்னாபிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் பிறந்தவர். பிட்டை எப்படிப் பிசைவது என்று அம்மா காட்டிக் கொடுக்க, தயங்கித் தயங்கிச் சாப்பிட்டபடி சொன்னார். அவருடைய பூட்டனார் தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர். இறங்கியபோது கையில் ஒரு இலக்கத்தையும் பெயர் எழுதிய ஒரு துண்டையும் கொடுத்தார்கள். ஆறுமுகம். அந்த ஒற்றைப் பெயரே மகனுக்கும் பேரனுக்கும் கொள்ளுப் பேரனுக்கும் வால் போலத் தொடர்ந்தது. "எந்தக் கிராமம் என்று எங்களுக்குத் தெரியாது. பாஷையும் போய்விட்டது. பெயர் மட்டும்தான் மிஞ்சியது. அதனால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டோம்" என்றார்.

நிறவெறி அரசாங்கத்துக்கு எதிரான கூட்டங்களுக்குப் போனதற்காக, திரும்பி வரக் கூடாது என்ற நிபந்தனையோடு அவரை நாட்டை விட்டு அனுப்பினார்கள். தங்கை பார்வதி பிறகு கல்யாணம் கட்டி எங்கேயோ போனாள். கனடா என்று ஒரு பேச்சு. அவளுடைய புருஷனின் பெயர்கூட இவருக்குத் தெரியாது.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "எங்களுக்கு அப்பாவின் பெயர் ஒரு தலைமுறைக்குத்தான். அடுத்த தலைமுறைக்கு அது போய்விடும். பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. ஊர் இருந்ததே, அதனால்" என்றார்.

மதாம் ழினெத்தின் தச்சன் நினைவுக்கு வந்தான். ஊரை விட்டுக் கப்பலேறியவர்களுக்குத்தான் பெயர் நூலாகிறது. அந்த முறை கிருஷ்ணன் மாமாவுக்குப் பொருந்தும், மதாமுக்குப் பொருந்தும். நாங்கள் அப்போதுதான் இறங்கியிருந்தோம். எங்கள் நூல் இன்னும் நூற்கப்படவில்லை. நானோ அதைப் பிடித்து இழுத்து, வேறொருவருடைய நுனியைக் கையில் எடுத்துவிட்டேன்.

அவர் பையைத் திறந்து ஒரு கம்பளிச் சட்டையை எடுத்தார். பார்வதிக்காகப் பின்னியது, பின்னியது அவரே. இறந்துபோன மனைவியிடம் கற்றதாம். "இதைத் திரும்பக் கொண்டுபோக எனக்கு மனமில்லை" என்றார். அம்மா பட்டுச் சேலைக்கு மேல் அதைப் போட்டார். பார்வதி உயரமான பெண் போலும். அம்மா சட்டைக் கையை இரண்டு தரம் மடித்துவிட வேண்டியிருந்தது. அதைப் பார்த்து அவர் தனக்குத் தெரிந்த ஏழெட்டுத் தமிழ்ச் சொற்களில் ஒன்றைச் சொன்னார்.

"தங்கச்சி."

அடுத்த சனிக்கிழமை நூலகத்துக்கு மூன்று பேர் போனோம். நான் எட்டுச் சனிக்கிழமைகள் தூக்கி இறக்கிய அதே லண்டன் புத்தகத்தைக் கிருஷ்ணன் மாமா எடுத்தார். மூக்குக் கண்ணாடியைச் சரி செய்தார். ஆறுமுகங்களைத் தாண்டி, கனகசபைக்குப் போனார். ஏ. கனகசபை, அதாவது ஆறுமுகம் கனகசபை, என்று ஒரே ஒருவர்தான் இருந்தார். எடுத்த நேரம் இரண்டு நிமிடம். அதில் ஒரு நிமிடம் கண்ணாடிக்குப் போனது.

வீட்டுக்கு வந்து அம்மா இலக்கங்களைச் சுழற்றினார். நானும் கிருஷ்ணன் மாமாவும் இரண்டு பக்கமும் நின்றோம். அங்கே யாரோ எடுத்தார்கள்.

"அண்ணை, நான் பரமு."

எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, ஒரு கரகரத்த குரல்.

"ஆர் மோசம் போனது?"

வெளிநாட்டிலிருந்து தொலைபேசி வந்தால் சாவுச் செய்திதான் என்று இருந்த காலம் அது. அம்மா சிரித்தார். சிரித்தபடியே மடித்துவிட்ட கம்பளிக் கையால் கண்ணைத் துடைத்தார்.

"ஒருத்தரும் இல்லை அண்ணை. நான் இருக்கிறன் எண்டு சொல்லத்தான் எடுத்தனான்."

பெரிய மாமா அடுத்த கோடையில் வந்தார். கிருஷ்ணன் மாமாவும் வந்தார். இனிமேல் வராமல் விடுகிற நோக்கம் அவருக்கு இல்லை. பெரிய மாமாவும் எங்களைத் தேடியிருக்கிறார்: சிவலிங்கம் என்ற பெயரில், உலகம் முழுக்க. (இந்த விடயத்தில் குடும்பத்தில் நான் மட்டும் முட்டாள் இல்லை என்று அறிந்த அந்த நாள் என் வாழ்வில் முக்கியமானது.)

சாப்பாட்டு மேசையில் செல்வம் அண்ணன்தான் பழைய கேள்விக்கொத்தைத் தேடி எடுத்து வந்தார். "ஒரிஜினல் மாமாவையும் சோதிச்சுப் பாப்பம்" என்றார்.

துறைமுகம், கோயில், தங்கையின் முதலெழுத்து, அப்பாவின் வேலை, தமிழ், ஐந்தும் சரி. பிறகுதான் பிரச்சினை.

"கப்பலோ? நான் பிளேனிலதானே போனனான்."

"கப்பல்தான்! நான் கை காட்டினனான்" என்றார் அம்மா.

"நீ கை காட்டினது கொழும்பு ரயிலுக்கடி."

நெற்றியில் தழும்பு இல்லை. நாடியில் இருந்தது, தாடிக்குள். நாய் கடித்தது அம்மாவை அல்ல, அவரை. மாமரம் எங்கள் முற்றத்தில் நிற்கவில்லை. பக்கத்து வீட்டில் நின்றது. எள்ளுருண்டையைப் பற்றிக் கேட்டதும் பெரிய மாமா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"நான் எங்கை களவெடுத்தனான்? களவெடுத்தது இவள்! அடி வாங்கினதுதான் நான்!"

பத்துக்கு ஐந்து. தோல்வி. அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு எள்ளுருண்டைத் தட்டை நகர்த்தினார். நான் பென்சிலைக் கீழே வைத்தேன். அத்தனை வருடம் பிரிந்திருந்தபோது, அம்மா தனக்குள் ஒரு அண்ணனைக் கொஞ்சம் கொஞ்சமாக வரைந்து வைத்திருக்கிறார். நான் தேடியது அந்தப் படத்திலிருந்தவரை. ஆச்சரியம் என்னவென்றால், அவரும் எங்கேயோ இருந்தார், லெஸ்டரில், மண்ணிறத் தொப்பியோடு.

பார்வதியைத் தேடி இன்னும் கடிதம் போடுகிறோம். இப்போது கேள்விகளில் பெயர், ஊர் எல்லாம் எழுதுகிறேன். கடிதம் போடுமுன் அம்மாவிடம் காட்டுகிறேன். இதுவரை பதில் இல்லை.

நான்கு வருடத்துக்குப் பிறகு எனக்குக் கல்யாணம் நடந்தது. அப்பா இல்லாததால் தாரை வார்க்கத் தாய்மாமன் வர வேண்டும். ஐயர் மணவறையிலிருந்து குரல் கொடுத்தார்.

"பொம்பிளையின்ர மாமன் ஆர்? கெதியா வாங்கோ."

வேட்டியோடு இருவரும் எழும்பினார்கள். எழும்பிய கிருஷ்ணன் மாமா, சட்டென்று நினைவு வந்தவராக, மறுபடியும் உட்காரப் போனார். பெரிய மாமா அவருடைய தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வீடியோவில் அவர் சொன்னது இன்றும் தெளிவாகக் கேட்கும்.

"நீங்கள் போங்கோ. நான் அஞ்சு மார்க்தானே."